நூல் பிடித்துப் போன வழி

ஞானஸ்நானச் சீட்டு ஒன்றைத் தேடித்தான் ஆச்சியின் தகரப்பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசிக்கும் முன் சாமியார் அதைக் கேட்டிருந்தார். சீட்டு கிடைக்கவில்லை. நைந்துபோன செபப் புத்தகத்தின் நடுவில் ஆச்சியின் தாலி கிடைத்தது. தாத்தா இறந்த பதினாறாம் நாள் கழற்றி வைத்தது. கயிற்றின் மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. நகக்கண் அளவுக்கு ஒரு தங்கத் தகடு, அதன் நடுவில் சிலுவை.

"ஆச்சி, தாலியில சிலுவை போட்டுக்கலாம்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அது நம்ம வழக்கம்லா."

வழக்கம். அந்த ஒரு சொல்லின் பின்னால் மூன்று ஆண்டுகள் போயின. மதுரை, கோவா, ரோம், புதுச்சேரி, வடக்கன்குளம் என்று ஐந்து ஊர்களின் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கடைசியில் ஆச்சியின் திண்ணைக்கே திரும்பி வந்தேன்.

ஆச்சி பேசும் சமயத் தமிழை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். திருப்பலி என்ற சொல் அவள் வாயில் வராது, பூசைதான். பாதிரியார் சாமி. மந்திரித்த நீர் தீர்த்தம். திருவிழாவில் மாதா வருவது சப்பரத்தில். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போன ஆளை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. இவையெல்லாம் வேப்பமரம்போல மண்ணிலிருந்து தானாக முளைத்தவை, தாலியும் அவற்றில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தேடலில் நான் செய்த முதல் பிழை அது.

தாலியைத் தேடிப் போன இடத்தில் தடயம் கிடைக்கவில்லை. போப் 14-ஆம் பெனடிக்ட் 1744 செப்டம்பர் 12 அன்று வெளியிட்ட ஆணை மடலை வேறொரு காரணத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். லத்தீன் மொழி. எனக்கு அதில் அரைகுறைப் பழக்கம்தான். குருமடத்தில் பல ஆண்டுகள் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஃபாதர் ஒருவர் உதவினார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நான் எழுத்தெழுத்தாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்வார். மடலுக்குள் அதைவிடப் பழைய ஆணை ஒன்று முழுவதுமாகப் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. அதில் கல்யாணத்தைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது ஒரு சொல்லில் இருவரும் நின்றுவிட்டோம்.

'அரெசிமாரம்.'

"இது லத்தீன் இல்லம்மா. திரும்பப் படிங்க."

மூன்றாம் முறை சத்தமாகப் படித்தபோது அவர் முகம் மலர்ந்தது. அரசமரம்! கல்யாணத்தில் அரசமரக் கொப்பு வைக்கும் சடங்கு. அதன்பின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 'புல்லையார்' பிள்ளையார். 'தாலி' தாலியாகவே இருந்தது. 108 இழை சேர்த்துத் திரித்து மஞ்சள் நிறச் சாறு தோய்த்த கயிறு என்று ஒரு வரி வந்தது. தமிழ்நாட்டுக் கல்யாணத்தைப் பார்த்த யாருக்கும் அது என்ன சாறு என்று சொல்லவேண்டியதில்லை. எழுதியவருக்கு மட்டும் ஐரோப்பியச் சொல்லைத் தேடவேண்டியிருந்தது. குங்குமப்பூவின் பெயரை வைத்து எழுதிவிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது, இந்தக் கயிறும் கூடாது, வேண்டுமானால் சிலுவையோ ஆண்டவர் உருவமோ மாதா உருவமோ உள்ளதை அணியலாம் என்றது ஆணை.

ஆச்சியின் தகட்டில் இருந்த சிலுவைக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. 1704 ஜூன் 23.

ஆணையில் கையெழுத்திட்டவர் கார்லோ தொமாசோ மையார் தெ தூர்னோன். சீனாவுக்குப் போப்பின் தூதராகப் போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கியவர். 1703 நவம்பர் 6 அன்று வந்தார். இருந்த எட்டு மாதத்தில் பெரும்பகுதி நோய்ப்படுக்கை. இயேசு சபையாரின் மதுரை மறைத்தளத்துக்குள் அவர் காலடி வைக்கவேயில்லை. உள்நாட்டுப் பழக்கங்களை இரண்டு இயேசு சபைக் குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 16 பிரிவுகள் கொண்ட ஆணையை ஜூலை 8 அன்று அறிவித்தார். ஜூலை 11 அன்று கப்பலேறிவிட்டார். மூன்று நாள்! ஒரு மக்கள் கூட்டத்தின் கல்யாணம், குளியல், பெயர், நெற்றிப்பொட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டு, பதில் கேட்க மூன்று நாளுக்கு மேல் தங்கவில்லை. அன்று என் குறிப்பேட்டில் அவர் பெயருக்குக் கீழே கோபமாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

கோட்டை இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் மீதிப் பிரிவுகளைப் படித்தபின் அதை அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்குள் விடாமலோ பாவசங்கீர்த்தனம் கேட்காமலோ ஒதுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்கே குருக்கள் போய் அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு. அப்படி ஒரு கட்டளை எழுதவேண்டி வந்தது என்றால், அதுவரை குருக்கள் அந்த வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள். சாகிறவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பழக்கங்களை வெறுத்த அந்த அந்நியர்தான் சேரிக்குள் போ என்று எழுதினார். போகாமல் நின்றவர்கள், நம் பழக்கங்களை மதித்து, நம் மொழியைக் கற்று, நம் உணவை உண்டவர்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஃபாதரிடம் கேட்டேன். "நீங்க பின்னால போகணும்மா. நூறு வருஷம் பின்னால," என்றார்.

நூறு ஆண்டு பின்னால் போனால் மதுரை.

ரொபெர்த்தோ தெ நொபிலி 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். ரோம் நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1577-இல் பிறந்தவர். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசியர் அங்கே இருந்தார். முன்னாள் சிப்பாய், வயதானவர், நல்ல மனிதர். பத்தாண்டுக்கு மேலாகக் கோயிலும் மருத்துவமனையும் நடத்திவந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவரைக் கவனித்துக்கொண்டார். மதுரை நகர மக்களில் ஒருவர்கூட அவரிடம் மதம் மாறவில்லை. காரணம் ஒரு சொல்: பரங்கி. பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், யாருடனும் சேர்ந்து உண்பவன். கிறிஸ்தவனாவது என்றால் பரங்கி குலத்தில் சேர்வது என்றே மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். சமயம் என்று ஒரு பக்கம் சொன்னது, குலம் என்று மறுபக்கத்துக் காதில் விழுந்தது.

நொபிலி தான் பரங்கி இல்லை என்றார். காவி உடுத்தினார். பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு மரக்கறி மட்டும் ஒருவேளை உண்டார். குடுமி வைத்தார், சந்தனம் இட்டார், மார்பில் பூணூல் போட்டார். பெர்னாந்தஸ் இருந்த வீட்டை விட்டுத் தனியே குடிபோனார். தமிழோடு சமஸ்கிருதமும் படித்தார். கற்பித்தவர் சிவதர்மர் என்ற பிராமணர். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஞானோபதேச காண்டம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் எழுதினார். ச. இராசமாணிக்கம் அடிகள் 1960-களில் சுவடிகளைத் தேடியெடுத்து அவற்றைப் பதிப்பித்திராவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தமிழ் கிடைத்திருக்காது. ஆச்சி சொல்லும் பூசையும் சாமியும் எந்த வழியில் வந்தவை என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது விளங்கிற்று.

பெர்னாந்தஸுக்கு இவையெல்லாம் பொறுக்கவில்லை. ஒரே ஊரில் ஒரே இயேசு சபையைச் சேர்ந்த இருவர். ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் பகலில் போகத் தயங்கினார். 1610-இல் முறையீடு போயிற்று. பூணூல் விக்கிரக வழிபாட்டின் அடையாளம், அதை அணிபவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது குற்றச்சாட்டு. நொபிலி தன் தரப்பை எழுதி எழுதிக் குவித்தார். அவற்றில் பெரியது 1613-இல் முடித்த, இந்திய மக்களின் வழக்கங்கள் பற்றிய லத்தீன் அறிக்கை. 1970-களின் தொடக்கத்தில் இராசமாணிக்கம் அடிகளே அதையும் பாளையங்கோட்டையிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார்.

அந்த அறிக்கையை நான் ஒரு வழக்கறிஞரின் கட்டுபோலப் படித்தேன். அதன் கட்டமைப்பே அப்படித்தான். பூணூலை யார் யார் அணிகிறார்கள்? ஒருவர் தெய்வத்தை மற்றவர் ஏற்காத, ஒன்றோடொன்று மோதும் சமயத்தாரும் அதே பூணூலை அணிகிறார்கள். அப்படியானால் அது எந்தத் தெய்வத்தின் அடையாளம்? எந்தத் தெய்வத்தினுடையதும் இல்லை, குலத்துக்கும் கல்விக்கும் உரிய அடையாளம் என்றார். குடுமியும் அப்படியே. சந்தனம் அலங்காரம், குளியல் சுத்தம். சமயம் ஒன்று, சமூக வழக்கம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை ஒருவர் மதம் மாறினாலும் விடவேண்டியதில்லை. சான்றாக மதுரைப் பிராமணர்கள் 108 பேரின் வாக்குமூலத்தை இணைத்தார்.

108! தூர்னோன் தடைசெய்த கயிற்றில் 108 இழை. நொபிலியின் கட்டில் 108 சாட்சி. அந்த எண் இங்கே எவ்வளவு மங்கலமானது என்பது மதுரைக்காரர்களுக்கு நடுவே வாழ்ந்த ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இரவு பத்து மணிக்கு நூலகத்தை மூடும்வரை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நொபிலி மீது எனக்கு அன்று உண்டான அன்பு பெரியது. ஐரோப்பியர் அடிமைக் கப்பல்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ரோமானியர் எங்கள் ஊரில் உட்கார்ந்து, நீ என் ஆண்டவரை ஏற்கலாம், அதற்காக உன் அம்மா வைத்த பெயரையும் பொட்டையும் விடவேண்டாம் என்று சொல்லத் துணிந்தார். சொன்னதற்காகப் பத்தாண்டுக்கு மேல் சொந்தச் சபையாரிடமே விசாரணைக் கைதிபோல நின்றார்.

எதிர்த்தரப்பையும் கேட்கவேண்டும். பெர்னாந்தஸ் 1616-இல் மதுரையிலிருந்து எழுதிய போர்த்துகீசிய ஏட்டை ஜோசப் விக்கி 1973-இல் லிஸ்பனில் பதிப்பித்தார். முரட்டுச் சிப்பாயின் வசைமாரியை எதிர்பார்த்துத் திறந்தேன். கிடைத்தது அது இல்லை. பிறப்பு முதல் இறப்பு வரை பிராமணர் செய்யும் சடங்குகளை, சாத்திர ஏடுகளிலிருந்து ஒரு பிராமணரைக் கொண்டு எடுத்துச்சொல்ல வைத்து, பொறுமையாகப் பதிவு செய்திருந்தார். பூணூல் போடும் சடங்கில் என்ன மந்திரம், எந்தத் தெய்வத்துக்கு ஆகுதி என்று வரிசையாக வருகிறது. பெர்னாந்தஸ் இதில் முழுக்கத் தவறில்லை. மந்திரம் இல்லாமல் பூணூல் இல்லை என்பது வீட்டில் உபநயனம் நடத்திய யாருக்கும் தெரியும்.

இரண்டு கட்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒருவர் எல்லாவற்றிலும் சமூகத்தைப் பார்த்தார், மற்றவர் எல்லாவற்றிலும் சமயத்தைப் பார்த்தார். ஒருவருக்கு 108 பிராமணர் சாட்சி, மற்றவருக்கும் பிராமண ஏடே சாட்சி. இரு தரப்பும் கூப்பிடாத சாட்சிகள் யார் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றிற்று. பெர்னாந்தஸின் கோயிலில் முழங்காலிட்ட பரதவரை யாரும் கேட்கவில்லை. மதுரைக்கு வெளியே சேரியில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நாட்டின் வழக்கம் என்ன என்ற விசாரணையில் நாட்டின் பெரும்பகுதி வாய் திறக்கவில்லை.

1619 பிப்ரவரியில் கோவாவில் மாநாடு கூடிற்று. நொபிலி காவியுடையிலேயே போய் நின்றார். கோவாப் பேராயர் அவருக்கு எதிர். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸும் விசாரணை மன்றத்தின் நீதிபதி அல்மெய்தாவும் அவர் பக்கம். முடிவு எட்டாமல் கட்டு முழுவதும் ரோமுக்குப் போயிற்று. போப் 15-ஆம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் நான்கும் அனுமதி. மூடவழக்கம் கலக்காமலிருந்தால், மேலும் ஆராய்ந்து முடிவெடுக்கும் வரை. பூணூலைக் கிறிஸ்தவக் குருவின் கையால், கிறிஸ்தவ மன்றாட்டோடு வாங்க வேண்டும்.

இந்த மடலை முன்பே ஒருமுறை படித்திருந்தேன். அனுமதி என்ற சொல்லைப் பார்த்ததும் குறிப்பெடுத்துக்கொண்டு மூடிவிட்டேன். இரண்டாம் முறை ஃபாதரோடு படித்தபோதுதான் அதன் கடைசிப் பத்தியை நான் படிக்கவே இல்லை என்று தெரிந்தது. அங்கே போப் கட்டளையிடும் குரலை விட்டுக் கெஞ்சும் குரலுக்கு வருகிறார். உயர்குலம் என்று பெருமை கொள்பவர்களே, தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை இகழாதீர்கள், அதிலும் கோயிலுக்குள், வேதவாக்கைக் கேட்கும்போதும் நற்கருணை வாங்கும்போதும் அவர்களை ஒதுக்கித் தனியே நிற்காதீர்கள் என்று மன்றாடுகிறார்.

வாசித்து முடித்ததும் ஃபாதர் கண்ணைத் திறந்தார். "அனுமதி கொடுத்தது சட்டமாப் போச்சு. வேண்டிக்கிட்டது வேண்டுதலாவே நின்னு போச்சும்மா," என்றார். அதற்குப் பிறகு அன்று நாங்கள் ஒன்றும் படிக்கவில்லை.

குடுமியைச் சமூக வழக்கம் என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்த அதே வாதம், தீண்டாமையையும் இந்தப் பக்கமே வைத்துவிட்டது. பிராமண சன்னியாசியாக வாழ்ந்தவர் சேரிக்குள் நுழைந்தால் சன்னியாசியாக நீடிக்க முடியாது. நொபிலிக்கு இந்த இக்கட்டு தெரியும். 1640 வாக்கில் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமியாகக் கோலம் பூண்டது அதற்குக் கண்ட வழி. பண்டாரம் எல்லாக் குலத்தாரோடும் பழகலாம். அது நல்ல வழியாகவே நடந்தது, ஆயிரக்கணக்கானோர் அதன்வழி சேர்ந்தார்கள். ஆனால் இரண்டு வகைச் சாமியார் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு வகைக் கிறிஸ்தவர் இருந்தார்கள் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. நொபிலி பார்வை மங்கிய முதுமையில், 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார்.

இப்போது மீண்டும் 1744. நான் முதலில் படித்துக்கொண்டிருந்த பெனடிக்டின் மடல் தூர்னோனின் ஆணையை உறுதிசெய்தது. பறையர் வீட்டுக்குப் போவது பற்றி நாற்பது ஆண்டுக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. பறையருக்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் சொன்னதைப் போப் ஏற்றுக்கொண்டார். ஒதுக்கியிருந்த மக்களுக்கு ஒதுக்கிய குருக்கள்! சமரசம் என்ற பெயரில் எழுதப்பட்ட வாசகங்களில் என்னை மிகவும் வருத்தியது இது.

ரோமின் காகிதத்தில் இப்படி இருந்தது, ஊரில் என்ன நடந்தது? ரோமும் இல்லாத, இயேசு சபையும் இல்லாத ஒரு சாட்சி எனக்குத் தேவைப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையை விட நல்ல சாட்சி யார்? புதுச்சேரி வணிகர், பின்னாளில் பிரெஞ்சுக் கும்பெனியின் துபாஷ், வைணவர், கிறிஸ்தவர் சண்டையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதினார். 1745 அக்டோபர் மாதப் பக்கங்களில் அது இருந்தது. கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவரையும் மற்றவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் திரண்டு பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, நடுவில் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். அவர் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் செய்தார்.

நூற்று நாற்பது ஆண்டுக் காகிதத்தில், யாருடைய வழக்கம் என்று இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோமோ அவர்கள் வாய் திறப்பதை நான் முதன்முதலில் கண்ட இடம் அது. ஒரு வணிகரின் நாட்குறிப்பில், நூல் விலைக்கும் கப்பல் வரவுக்கும் நடுவில். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் படித்தேன்.

அதே 1745-இல் கனகராய முதலியார் ஒழுகரையில் கோயில் கட்டி முடித்து ஊரையே அழைத்து விருந்து வைத்தார். அவர் கிறிஸ்தவர், கும்பெனியின் தலைமைத் துபாஷ். பிராமணர் முதல் எல்லாச் சாதியாரும் வந்தார்கள். அந்தந்தச் சாதிக்குத் தனித்தனியே சமையல். பிள்ளை அதையும் எழுதிவைத்திருக்கிறார். மூன்று ஆண்டு கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்த நேரத்தில், இயேசு சபைக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்பட்டதையும் அதே கைதான் எழுதிற்று. அந்தப் பக்கத்தின் துயரம் இன்றும் குறையவில்லை. பக்கத்துக் கோயிலின் அரசமரக் கொப்புகூட ஆகாது என்று சட்டம் எழுதிய மனப்பாங்கு, கோயிலே ஆகாது என்ற இடம்வரை போயிற்று. நொபிலி எதற்கு அஞ்சினாரோ அதுதான் நடந்தது. இந்தப் பக்கத்தைப் படித்தபின் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

சுவர் ஒரு தடவை இடிந்தால் போதாது போலும். தெற்கே வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், கால்சட்டையை விரித்ததுபோல இரண்டு கூடங்களாகப் பிரிந்து பீடத்தில் வந்து கூடியது. ஒரு கூடம் வேளாளருக்கு, மறு கூடம் நாடாருக்கு, நடுவே சுவர். 1910-ஐ ஒட்டித் திருச்சபை நிர்வாகமே அதை இடித்தது. வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம், அது எங்கள் உரிமை என்பது அவர்கள் வாதம். வழக்கம் வழக்காயிற்று. மைக்கேல் பிள்ளை என்பவர் ஆயர் பார்த் மீது தொடுத்த வழக்கு என்று 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கோயிலுக்குள் சாதிக்கென்று தனியிடம் கோரும் உரிமை கிறிஸ்தவருக்கு இல்லை என்றது. தீர்ப்பைப் படிக்கும்போது நொபிலியின் வாதம் எதிரொலித்துக்கொண்டே இருந்தது. இது சமயமல்ல, சமூக வழக்கம் என்ற அதே வாதம். 300 ஆண்டுக்குப் பிறகு, வேறு வாயில், ஒரு சுவரைக் காப்பாற்ற.

அதே வடக்கன்குளத்தில் 1745 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற நட்டாலத்து நீலகண்ட பிள்ளையை உலகம் தேவசகாயம் என்று அறியும். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் பிள்ளை இல்லை. சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்து எழுதியவர்களின் குரலை ரோம் இந்தமுறை கேட்டது.

மறைப்பணியாளர்கள் 1744 ஆணையின்படி நடப்போம் என்று செய்துவந்த சத்தியப் பிரமாணத்தை 1940 ஏப்ரல் 9 அன்று ரோம் நீக்கிவிட்டது. ஆச்சிக்கு அப்போது ஒரு வயது. 1969-இல் செருப்பில்லாமல் பூசைக்கு வரலாம், தரையில் உட்காரலாம், ஆரத்தி எடுக்கலாம் என்று இந்தியத் திருச்சபைக்கு 12 அம்ச அனுமதி வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அனுமதி வருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாக் கட்டுகளையும் மூடிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பூசை முடிந்து எல்லோரும் போனபின் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். சின்ன வயதில் அங்கே கோலிக்குண்டு உருட்டியிருக்கிறேன். நடுத்தரையில், வாசலிலிருந்து பீடத்தை நோக்கி, ஓர் அடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள். தரையின் சிவப்பு வேறு, வட்டங்களின் சாம்பல் வேறு. சிமிட்டி வைத்து அடைத்த குழிகள்.

"ஆச்சி, இது என்ன?"

"அதுவா. அங்கன கிராதி நின்னுது. மரக் கிராதி. பொறவு வந்த சாமி எடுத்துட்டாரு."

"எதுக்குக் கிராதி?"

"நாங்க தெக்க இருப்போம். அவுக வடக்க இருப்பாக." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "வழக்கம்லா," என்றாள். தாலியைப் பற்றிச் சொன்ன அதே குரல் இல்லை இது.

குழிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினேழு. திரும்பி வந்தபோது ஆச்சி வடக்குப் பக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய வியாழனுக்கு அந்தச் சன்னல்கிட்ட இருந்து ஒருத்தி பாடுவா. என் வயசுதான் இருக்கும். கோயிலே அழும். எங்க பக்கம் அப்பிடி ஒரு தொண்டை கெடையாது."

"பேரு என்ன ஆச்சி?"

சொன்னாள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"முழுப் பேரு? யாரு மக?"

ஆச்சி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரியாதே, பிள்ள. கேட்டதில்லையே."